முதல் வரியில் "வாங்க" எழுதாதவர்

மா ஒக்சிம் அக்காவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் ஆகாது. "வாங்க" என்கிற வார்த்தை. வீட்டுக்கு வருகிறவர்களை அப்படித்தான் கூப்பிடுவார், அதில் குறை வைக்கமாட்டார். ஆனால் எழுதும்போது அது முதல் வரியில் வந்துவிட்டால் போதும், அழிக்கும் பொத்தானைப் படபடவென்று தட்டுவார்.

"வாங்கன்னு கூப்பிட்டா எவன் வருவான்? கடைவாசல்ல நின்னு கையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கும். இடமில்லைன்னு சொல்லிப் பாரு மிர்யே. ஜன்னல் ஏறிக் குதிச்சு வருவான்" என்பார் என்னிடம்.

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. இளவயதில் இஞ்சியோனில் ஒரு பெரிய அங்காடியின் மீன் பகுதியில் ரப்பர் பூட்ஸ் போட்டு நின்றுகொண்டு, காலையிலிருந்து கடை சாத்தும்வரை "வாங்க, வாங்க, கானாங்கெளுத்தி வாங்க" என்று கத்தியவர். கத்திக் கத்தித் தொண்டையில் கட்டி வந்தது. மருத்துவர் பேசக்கூடாது என்றார். பேச்சை நிறுத்தினால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அக்கா பேட்டைப் பெண்களின் இணைய மன்றத்தில் எழுத ஆரம்பித்தார். எழுதியதைப் படிக்கக் கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் எங்கள் முதலாளி கூ அவரைத் தேடி வந்து வேலை கொடுத்தார்.

புச்சன் ரயில் நிலையத்துக்குப் பின்னால், நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். இணைய மன்றங்களுக்கு ஆள் சேர்ப்பது தொழில். எங்கள் நாட்டில் எதற்கும் ஒரு மன்றம் உண்டு. முடி கொட்டுகிறவர்களுக்கு ஒன்று, கணவாய் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று, பிள்ளை பெற்றவர்களுக்குத் தெருவுக்கு ஒன்று. மன்றம் தொடங்குவது சுலபம். தொடங்கிவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் மாடிப்படி ஏறி வருவார்கள். ஆளை இழுக்கிற மாதிரி நாலு வரி எழுதித் தரவேண்டும். அக்கா எழுதினால் நாலு வரி, நான் எழுதினால் நாற்பது வரி. கூட்டம் வருவது நாலு வரிக்குத்தான்.

முடி மன்றத்துக்கு அவர் எழுதியதை நான் இன்னும் மறக்கவில்லை. "குளித்து முடித்ததும் வடிகால் துளையைப் பார்க்காமல் வெளியே வருகிறீர்களா?" அவ்வளவுதான் முதல் வரி. மருந்து இல்லை, எண்ணெய் இல்லை, வாக்குறுதி இல்லை. படித்தவனுக்குத் தன் குளியலறையை யாரோ எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி இருக்கும். அந்த வாரம் மன்றம் நிரம்பி வழிந்தது. முதலாளி கூ எல்லோருக்கும் பன்றிக்கால் வறுவல் வாங்கித் தந்தார்.

"வெளியில சொல்ல வெட்கப்படுறது எதுவோ, அதை முதல்ல கேளு. கேட்டுட்டுப் பேசாம இரு. மிச்சத்தை அவனே எழுதுவான்" என்பார் அக்கா.

இப்படியெல்லாம் எழுதுகிறவர் நிம்மதியானவர் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு போட்ட நிமிடத்திலிருந்து அவர் முழங்கால் ஆடத் தொடங்கும். மேசையும் சேர்ந்து ஆடும், மேசைமேல் இருக்கும் என் காபியும் ஆடும். யாராவது சேர்ந்தார்களா, யாராவது திட்டினார்களா என்று திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார். வயிற்றெரிச்சல் மாத்திரை எப்போதும் மேசை டிராயரில் இருக்கும்.

அவருடைய ஆயுதங்களில் பெரியது ஒன்று இருந்தது. பேய் விரட்டுதல். இங்கே மன்றத்தில் சேர்ந்ததும் வணக்கப் பதிவு போடவேண்டும். பிறகு அடுத்தவர் பதிவுகளுக்குக் கீழே நாலு வார்த்தை எழுதவேண்டும். அப்போதுதான் உறுப்பினர் தகுதியில் ஒரு படி ஏற்றுவார்கள். எதுவும் எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவனுக்குப் பேய் உறுப்பினர் என்று பெயர். மன்றம் மந்தமானால், மாதக் கடைசியில் பேய்களை வெளியேற்றப் போகிறோம் என்று ஒரு அறிவிப்பு போடுவது வழக்கம். எங்கள் ஜனங்களுக்கு வெளியே தள்ளப்படுவதில் இருக்கிற பயம் வேறு எதிலும் கிடையாது. வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காதவன்கூட அலறியடித்து ஓடிவந்து, "இவ்வளவு தாமதமாக வணக்கம் சொல்வதற்கு மன்னிக்கவும்" என்று குனிந்து எழுதுவான். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஆனால் வேலை நடந்துவிடும்.

இனி ஹன்சோலைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்காவின் ஒரே பிள்ளை. அவன் அப்பா சரக்கு லாரி ஓட்டியவர், அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நெஞ்சடைப்பில் போய்விட்டார். பையன் கல்லூரி முடித்ததும் அரசாங்க வேலைக்கான ஒன்பதாம் நிலைத் தேர்வு எழுதப் போகிறேன் என்று சொல்லி சியோலில் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அடைந்து கிடக்கும் நோர்யாங்ஜின் பேட்டைக்குப் போனான். அங்கே ஒரு கட்டில், ஒரு மேசை, கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற அறை. தெருவோரத்தில் காகிதக் கோப்பையில் சோறு. வருஷா வருஷம் எழுதினான். வருஷா வருஷம் ஒரு கேள்வி, இரண்டு கேள்வியில் போனது. ஒவ்வொரு முறையும் அக்கா "பரவாயில்லை, அடுத்த முறை" என்று சொன்னார். அந்த ஆறுதல்தான் அவனை அதிகம் வதைத்திருக்கும் என்று நான் நினைத்ததுண்டு, வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைசி முறை முடிவு வந்த அன்று அவன் போன் அணைந்துவிட்டது. ஒரே ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது. "நான் நல்லா இருக்கேன். தேடாதே." அக்கா நோர்யாங்ஜினுக்கு ஓடினார். அறை காலி. போலீசில் எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவர்கள் கூப்பிட்டு, ஆளைப் பார்த்துவிட்டோம், நன்றாக இருக்கிறார், விலாசம் சொல்லவேண்டாம் என்கிறார், வயது வந்தவர், எங்களால் வேறு எதுவும் முடியாது என்றார்கள். அன்று அக்காவோடு நானும் போயிருந்தேன்.

"நல்லா இருக்கான்னா எப்படி நல்லா இருக்கான்? சாப்பிட்டியான்னு கேட்டீங்களா?" என்றார் அக்கா.

அந்தப் போலீஸ்காரருக்கு வயது ஹன்சோல் வயதுதான் இருக்கும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அதைக் கேட்கலைங்க அம்மா" என்றார்.

சந்திர வருஷப் பிறப்புக்கும் அவன் வரவில்லை. அக்கா அன்றைக்கென்று செய்கிற அரிசிக் கொழுக்கட்டைச் சூப்பை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு இரண்டையும் சாப்பிடாமல் அலுவலகம் வந்தார். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதான் மிர்யே. ஆளை வரவழைக்கிறது. முகம் தெரியாத கிறுக்கனையெல்லாம் வரவழைச்சிருக்கேன். பெத்த பிள்ளையை வரவழைக்க முடியாதா?"

அப்படிப் பிறந்ததுதான் "புத்தகத்தை மூடியவர்கள்" என்கிற மன்றம். தேர்வு எழுதி எழுதி ஓய்ந்து, பாதியில் விட்டவர்களுக்கான இடம். அம்மா நடத்துகிறாள் என்று தெரிந்தால் அவன் பக்கத்தில்கூட வரமாட்டான் என்பதால் அக்கா "காந்தல் சோறு" என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். பானையின் அடியில் பிடித்த சோற்றில் வெந்நீர் ஊற்றிக் குடிப்பது ஹன்சோலுக்கு உயிர். அது அவனை எப்படியாவது தொடும் என்று ஒரு நப்பாசை.

முதல் பதிவு இப்படி இருந்தது. "இன்று அலாரம் வைக்கவில்லை. அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன். போக இடமில்லை. உங்களுக்கும் இப்படித்தானா?"

அக்கா வாழ்நாளில் எந்தத் தேர்வும் எழுதியவரில்லை. அவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அவர் செத்த பிறகு எனக்கு அப்படித்தான் இருந்தது" என்றார்.

ஜனங்கள் வந்தார்கள். கொஞ்சநஞ்சமில்லை, அணை திறந்த மாதிரி வந்தார்கள். அக்கா ஒவ்வொரு புனைபெயரையும் முறைத்துப் பார்ப்பார். "ஈரத்துணி" இவனா? "நாளைக்குப் பார்ப்போம்" இவனா? "அவித்த முட்டை" இவனாக இருக்காது, ஹன்சோல் அவித்த முட்டை தின்னமாட்டான், ஆனால் அதற்காகவே வைத்திருந்தால்? முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. நான் காபியைத் தரையில் வைத்துக் குடிக்கப் பழகிக்கொண்டேன்.

"மூன்றாம் மாடி ஜன்னல்" என்று ஒரு ஆள் வந்தது. ஹன்சோலின் பழைய அறை மூன்றாம் மாடி. எழுத்தும் அவன் எழுத்து மாதிரியே இருக்கிறது என்றார் அக்கா. வாரக்கணக்கில் சுற்றி வளைத்துத் துருவித் துருவிக் கேட்டார். பிடித்த சாப்பாடு என்ன, அப்பா என்ன தொழில் செய்தார், லாரியில் போயிருக்கிறீர்களா. கடைசியில் அந்த ஆளே கடுப்பாகிவிட்டது.

"அக்கா, அவங்க மோக்போ ஊர்க்காரங்களாம். பொம்பளையாம். ரெண்டு பிள்ளைங்க இருக்காம்" என்று நான் படித்துச் சொன்னேன்.

"சரி விடு" என்று அக்கா மூக்கைச் சிந்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணுக்கு ராத்திரித் தூக்கம் வரலையாமே. அதுக்கு ஏதாச்சும் எழுதணும்" என்று மறுபடி உட்கார்ந்தார்.

ஒரு பதிவில் மட்டும் அக்கா வழுக்கிவிட்டார். குளிர்காலத்தில் அந்தச் சின்ன அறைகளில் எப்படித் தூங்குவது என்று யாரோ கேட்டதற்குப் பதில் எழுதும்போது, கடைசியில் "எவ்வளவு இடம் குறைவாக இருந்தாலும் ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள்" என்று எழுதினார்.

"இது புத்தகத்தை மூடினவன் எழுதுறதா? இது யாரோட அம்மாவோ எழுதுறது" என்று கிண்டல் செய்தேன்.

"ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே" என்றார்.

"எங்க அம்மா சொன்னதில்லை."

"அதான் உனக்கு வருஷம் பூரா சளி" என்றார். அந்த வரியை அழிக்கவில்லை.

கோடை போய் இலையுதிர்காலம் வந்தது. மன்றம் ஆறத் தொடங்கியது. வந்தவர்கள் படித்தார்கள், போனார்கள். எழுதுகிறவர்கள் குறைந்தார்கள். எழுத்து குறைந்தால் தேடுபொறி அந்த மன்றத்தைக் கீழே தள்ளிவிடும். கீழே போனால் கண்ணில் படாது. ஹன்சோல் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து தேடும்போது இது மேலே வராவிட்டால் எல்லாம் வீண். அவர் பயம் முழுக்க அதுதான்.

"பேய் விரட்டுற அறிவிப்பு போட்டுடலாம்" என்றார் ஒருநாள்.

எனக்கு எதுவோ உறுத்தியது. "அக்கா, அவன் ஏற்கெனவே உள்ள இருந்து, பேசாம இருந்தா?"

அக்கா சிரித்துவிட்டார். பல மாதம் கழித்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "ஹன்சோலா? பேசாமலா? மூணு வயசுல பஸ்ல ஏறினா டிரைவர்ல ஆரம்பிச்சு கடைசி சீட்டு வரைக்கும் கதை சொல்லிட்டு வருவான். வாயை மூடுடா, வாயை மூடுடான்னு கத்தினதுலதான் என் தொண்டையில பாதி போச்சு. அவன் உள்ள இருந்தா இந்நேரம் நாலு பேரோட சண்டை போட்டிருப்பான்."

அவனை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் அவன் தலையைத் தூக்கவில்லை. ஆனால் பெற்றவளிடம் உன் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

அறிவிப்பு எழுதினார். "இது எட்டிப் பார்க்கிறவர்களுக்கான இடமில்லை. நாங்கள் காயத்தைத் திறந்து காட்டுகிறோம், நீங்கள் இருட்டில் நின்று வேடிக்கை பார்க்கிறீர்கள். மாதக் கடைசியில் கதவைச் சாத்துகிறோம். பேசாதவர்களுக்கு இங்கே இடமில்லை."

முதலாளி கூ எட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதம் அக்கா. இதை அப்படியே கணவாய் மன்றத்துக்கும் மாத்தி எழுதிக் குடுங்க" என்றார்.

வேலை செய்தது. வணக்கப் பதிவுகள் குவிந்தன. அக்கா ஒன்றுவிடாமல் படித்தார். மதியச் சாப்பாட்டைக் கரண்டியால் கிளறிக்கொண்டே படித்தார். யாரும் ஹன்சோல் இல்லை. மாதக் கடைசி நாள், பொடிக் காபியைக் கலக்கி வைத்துக்கொண்டு, எதுவும் எழுதாதவர்களை எல்லாம் ஒரே பட்டியலாகத் தேர்ந்தெடுத்தார். கீழே "மீண்டும் சேர அனுமதி இல்லை" என்று ஒரு கட்டம் இருக்கும். பழக்கதோஷத்தில் அதையும் தட்டினார். பொத்தானை அழுத்தினார். மன்றம் சுத்தமாயிற்று. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம். அக்காவின் போன் சிணுங்கியது. திரையைப் பார்த்தவர் ஆரஞ்சைக் கீழே போட்டார். அத்தனை மாதமாக அணைந்து கிடந்த எண். படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

"அம்மா. காந்தல் சோறு நீதான்னு எனக்கு ரொம்ப நாளா தெரியும். ஜன்னல் பக்கம் தலை வைக்காதேன்னு உலகத்துல வேற யாரு சொல்லுவா. கிடங்குல பெட்டி தூக்குற வேலை. முடிச்சு வந்ததும் நீ எழுதினதைப் படிச்சுட்டுத்தான் தூங்குவேன். நானும் எழுதணும்னு உட்காருவேன். என்ன எழுதுறதுன்னு தெரியாது. நேத்து தள்ளிட்டாங்க. பேசாதவங்களுக்கு இடமில்லைன்னு நீதானே எழுதின. சரி. உடம்பைப் பார்த்துக்கோ."

அக்கா உடனே அந்த எண்ணுக்கு அடித்தார். அணைந்திருந்தது. மறுபடி அடித்தார். மறுபடி. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

"உடம்பைப் பார்த்துக்கோன்னா என்ன அர்த்தம்? சொல்லு மிர்யே. எதுக்கு அப்படி எழுதறான்? போறவன் சொல்ற மாதிரி இருக்கே."

"எல்லாரும் எழுதுறதுதான் அக்கா. குளிர் ஆரம்பிச்சாச்சு, அதனால எழுதியிருப்பான்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

"அத்தனை நாளும் உள்ளதான் உக்காந்திருந்தான்" என்றார் அக்கா. "நான் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு ரோட்டைப் பார்த்துட்டு நின்னேன். அவன் எனக்குப் பின்னால, உள்ளயே உக்காந்திருந்தான். நான் திரும்பி, பேசலைன்னா வெளிய போன்னு சொல்லிட்டேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படியே கணினியைத் திறந்தார். அவன் புனைபெயர் எது என்று தெரியாது. ஆகவே வெளியேற்றிய ஒவ்வொருவருக்கும் தடையை நீக்கவேண்டும். தள்ளும்போது ஒரே பொத்தான். திரும்ப அனுமதிக்கும்போது ஒவ்வொரு பெயராகத் திறந்து எடுக்கவேண்டும், அந்த அமைப்பைச் செய்தவன் நாசமாய்ப் போக. நான் பாதியை எடுத்துக்கொண்டேன். "தூங்குமூஞ்சி", "கடைசி பெஞ்சு", "யாருமில்லை", "மழைக்காலக் குடை". ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியின் பிள்ளை. நாங்கள் அவர்களை மொத்தமாகப் பேய் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. முதலாளி கூ எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் விளக்கை எரியவிட்டுக் கிளம்பினார்.

தடை நீங்கியது அவனுக்குத் தெரியவேண்டும். போன் அணைந்திருக்கிறது. மிச்சம் இருந்தது ஒன்றுதான், மன்றத்தின் முன்பக்கம். உறுப்பினர் அல்லாதவர்களும் படிக்கிற இடம். ஆள் இழுப்பதற்காகவே திறந்து வைத்த இடம்.

அக்கா எழுத ஆரம்பித்தார்.

"நேற்று ஒரு கதவைச் சாத்தினேன். யார் விரல் நசுங்கியது என்று பார்க்கவில்லை." படித்துப் பார்த்தார். "சீ, நல்லா இருக்கு" என்று அழித்தார்.

"இருட்டில் நிற்பவர்களுக்கு மட்டும் இந்தப் பதிவு." அழித்தார். "இதுக்கு வேற எவனெவனோ வருவான்."

அவர் எதை எழுதினாலும் நன்றாக வந்தது. அதுதான் கொடுமை. வரிக்கு வரி தூண்டில் முள் தெரிந்தது. இத்தனை வருஷம் ஊரான் பிள்ளையை இழுத்த கை, சொந்தப் பிள்ளையிடம் பேசத் தெரியாமல் விழித்தது. முழங்கால் ஆடுவதுகூட நின்றுவிட்டது. அப்படி அசையாமல் அவரை நான் பார்த்ததே இல்லை, பயமாக இருந்தது.

"அக்கா, அவன் வீட்டு வாசல்ல நின்னா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுதினார்.

"வாடா. எழுதவேண்டாம். வணக்கம் சொல்லவேண்டாம். சும்மா வந்து உட்காரு."

கீழே காந்தல் சோறு என்று தானாக வந்திருந்த பெயரை அழித்துவிட்டு "அம்மா" என்று போட்டார். ஊர் முழுக்கப் படிக்கிற பக்கத்தில் போட்டார்.

அடுத்த நாள் நாங்கள் அதைத் திறக்கவே பயந்தோம். திறந்தால், போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எதுவும் எழுதவில்லை. படித்தவர்கள் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. யாருடைய அம்மா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மோக்போ பெண் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: "நானும் உட்கார்ந்துகொள்கிறேன் அம்மா."

முதலாளி கூ தயங்கித் தயங்கி வந்து நின்றார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது இவ்வளவு நல்லா இழுக்குதே. முடி மன்றத்துக்கும் அம்மான்னு போட்டு..."

அக்கா ஆரஞ்சுத் தோலை எடுத்து அவர்மேல் வீசினார். அவரும் வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தவர்களில் ஹன்சோல் இருக்கிறானா இல்லையா, தெரிய வழியே இல்லை. எழுதவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இனிக் கேட்கவும் முடியாது. அந்த நாட்களை எப்படித் தள்ளினோம் என்று எனக்கே தெரியாது. அக்கா மாத்திரை சாப்பிட்டார், கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் ஊறவைத்தார், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போனார். அலுவலகத்தில் வேறு மன்றத்துக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் பங்கையும் சேர்த்து நான்தான் மோசமாக எழுதினேன்.

திங்கட்கிழமை காலையில் அவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"நேத்து வந்தான்" என்றார்.

நான் என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"கதவு பூட்டலை. திறந்துட்டு வந்து உக்காந்தான். இளைச்சுப் போயிருக்கான். கையெல்லாம் பெட்டி கிழிச்ச காயம்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை."

"நீங்க?"

"நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இங்க பாரு" என்று நாக்கை நீட்டிக் காட்டினார். நிஜமாகவே காயம் இருந்தது. "எங்கடா போனே, என்னடா சாப்பிட்டேன்னு வாய் வரைக்கும் வந்தது மிர்யே. ஒரு வார்த்தை விடலை. பானையைச் சுரண்டி வெந்நீர் ஊத்தி வச்சேன். குடிச்சான். கிண்ணத்தை நீட்டினான். இன்னொரு தடவை ஊத்தினேன்."

"அப்புறம்?"

"பழைய ரூமுக்குப் போயிட்டான். பாயைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா எட்டிப் பார்த்தேன். தூங்கிட்டான்." அக்காவின் முழங்கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. மேசையில் என் காபி தளும்பியது. "தலையைச் சுவர் பக்கம் வச்சுப் படுத்திருந்தான். கால்தான் ஜன்னல் பக்கம்."